போன்ல சொன்ன சாவுச் செய்தி அப்பாவுக்குக் கேக்கல. காது மெஷினும் போட மாட்டேங்கறார். என்ன செய்யறதுங்க?

தறிக்காரர் மகள், பள்ளிபாளையம்

வணக்கமுங்க. இத்தன நாளா இங்க படிக்கறதோட சரி, எழுதினதில்ல. இப்ப கேக்காம இருக்க முடியல.

எங்கப்பாவுக்கு 61 வயசு. பதினேழு வயசுல தார் (ஊடு நூல் சுத்தற சின்னக் கட்டை) சுத்தப் போனவர், அப்பறம் தறி. மூணு வருசம் முந்தி முட்டிவலின்னு நிறுத்தற வரைக்கும் 40 வருசத்துக்கு மேல விசைத்தறிதான். எட்டுத் தறி ஓடற பட்டறை. லுங்கியும் துண்டும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. சின்னப்புள்ளையில சோத்துப்போசி கொண்டுட்டுப் போவேன். வாசப்படி தாண்டும்போதே நெஞ்சுக்கூடு அதிரும். அஞ்சு நிமிசம் நின்னுட்டு வந்தா வீடு வர்ற வரைக்கும் காதுல 'கொய்ங்'னு இருக்கும். அவர் அதுக்குள்ளயே 40 வருசம் நின்னிருக்கார்ன்னு அப்ப யோசிக்கத் தெரியல.

காது எப்பப் போச்சுன்னு எங்களால சொல்ல முடியல. எங்கூர்ல அந்த வயசு தறிக்காரங்க எல்லாருமே சத்தமாத்தான் பேசுவாங்க, அதனால வித்தியாசமாத் தெரியல. டிவி சத்தம் கூடிட்டே போச்சு. அப்பறம் எது கேட்டாலும் 'ம்ம், சரி'ன்னு தலையாட்ட ஆரம்பிச்சார். டாக்டர் சர்க்கரை மாத்திரைல பழசை நிறுத்திட்டு புதுசை மட்டும் போடச் சொல்லியிருக்கார். அப்பா தலையாட்டிட்டு வந்து பத்து நாள் ரெண்டையும் சேத்துப் போட்டிருக்கார். ஒருநாள் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

ஆனா நான் எழுத வந்தது அது இல்லீங்க. ஆடி மாசம் ஒரு சாயங்காலம் அவருக்கு போன் வந்துச்சு. இருபது வருசம் எதிரெதிர்த் தறில நின்னு ஓட்டின சிநேகிதர், அப்பாவுக்கு அண்ணன் மாதிரி. அவரோட பையன் கூப்பிட்டு 'அப்பா தவறிட்டாருங்க'ன்னு சொல்லியிருக்கான். அப்பா 'சரி கண்ணு, சந்தோசம், எல்லாரும் நல்லா இருங்க'ன்னு சொல்லி வச்சிட்டார். நான் பக்கத்துலதான் வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன். ஏதோ விசேசத்துக்கு அழைக்கறாங்கன்னு நானும் நெனச்சேன். மறுநாள் மத்தியானம் டீக்கடைல ஒருத்தர் பேப்பர்ல எழுதிக் காட்டின பிறகுதான் அவருக்குத் தெரிஞ்சுது. அதுக்குள்ள எடுத்துட்டாங்க.

அன்னிலருந்து போனைத் தொடறதில்ல. டீக்கடைக்கும் போறதில்ல. அந்த வீட்டுக்கு துக்கம் கேக்கவும் போகல, 'எந்த மூஞ்சியோட போறது'ன்னு ஒரே வார்த்தை. திண்ணைல உக்காந்து ரோட்டைப் பாத்துட்டே இருக்கார். கத்திக் கத்தி அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. பக்கத்து வீட்டுல 'ஏனுங்க தினமும் சண்டை?'ன்னு கேட்டுட்டாங்க. ரெண்டாங்கிளாஸ் படிக்கற என் பையன் முந்தியெல்லாம் தாத்தா மடிலயே கெடப்பான், இப்ப அவர்கிட்ட எதுவும் சொல்றதில்ல. மூணு தடவை சொல்லணும்னா புள்ளைக சொல்லாது போல.

ஈரோட்டுல ஒரு கடைல 18,000 ரூபாய்க்கு ஒரு காதுக்கு மெஷின் வாங்கினோம். டெஸ்ட் எடுத்து ஒரு தாளும் குடுத்தாங்க, சிவப்புல வட்டம், நீலத்துல பெருக்கல் குறி. யாரும் வெளக்கல. மாட்டிவிட்டு அனுப்பிட்டாங்க. நாலு நாள் போட்டார். 'பாத்திரம் வைக்கற சத்தம் மண்டைல அடிக்குது, நீங்க பேசறது மட்டும் வெளங்கல'ன்னு கழட்டினவர்தான். இப்ப அது சாமி படத்துக்குப் பக்கத்துல பழைய கண்ணாடிக் கூட்டுல இருக்கு.

காசு போனது போகட்டுமுங்க. 61 வயசுல இனி சரியாகுமா? வற்புறுத்தலாமா, விட்டுடலாமா? இந்த மாதிரி வீடுகள்ல மத்தவங்க எப்படிச் சமாளிக்கறீங்க? தாள்ல வலது காதுக்கு 500ல 50, 1000ல 60, 2000ல 70, 4000ல 85, 8000ல 70ன்னு புள்ளி வருது. இடதும் கிட்டத்தட்ட அதேதான்.


ஒலிமானி, கோவை

அம்மா, நான் 16 வருடமாக ஆடியோலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) வேலை பார்க்கிறேன். முதலில் அந்தத் தாளை வாசித்துச் சொல்கிறேன். யாராவது அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

வட்டம் வலது காது, பெருக்கல் குறி இடது காது. இடமிருந்து வலமாகப் போகப் போக சத்தம் கீச்சாகிறது. மேலிருந்து கீழே இறங்க இறங்க, அவருக்குக் கேட்க எவ்வளவு கூடுதல் சத்தம் தேவை என்று அர்த்தம். உங்கள் அப்பாவுக்கு 4000 ஹெர்ட்ஸில் 85 வரை இறங்கி, 8000ல் மறுபடி 70க்கு ஏறுகிறது பாருங்கள். அந்தக் குழிதான் இரைச்சல் தின்ற காதின் அடையாளம். நாடா (ஊடு நூலைக் கொண்டு ஓடும் கட்டை) அடிக்கிற தறிக்கூடத்தில் சத்தம் 100 டெசிபலை ஒட்டி இருக்கும். 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது உலகத்தில் பலரும் பின்பற்றும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான். மற்ற புள்ளிகளும் இவ்வளவு இறங்கியிருப்பதால் வயதும் சேர்ந்திருக்கலாம்.

இப்போது அவர் ஏன் 'சத்தம் கேக்குது, பேச்சு வெளங்கல' என்கிறார் என்று பாருங்கள். அ, ஆ, ஓ மாதிரி உயிரெழுத்து எல்லாம் தணிந்த சத்தம், அது அவருக்கு ஓரளவு வருகிறது. க, ச, த, ப எல்லாம் மெல்லிய, கீச்சான சத்தம். அது விழுந்துவிடுகிறது. நீங்கள் படி, கடி, தடி எது சொன்னாலும் அவருக்கு 'அடி'தான். மிச்சத்தை அவர் ஊகிக்கிறார். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் இன்னும் கஷ்டம். அவர் பேரனை வேண்டுமென்று ஒதுக்கவில்லை.

பாத்திரச் சத்தம் மண்டையில் அடிப்பதும் நோயின் ஒரு பகுதி. உள்காதில் இருக்கும் நுண்முடி செல்கள் செத்துப்போனால் மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் பெரிய சத்தம் மட்டும் நம்மைப் போலவே, சில நேரம் நம்மைவிடக் கூடுதலாகவே உறைக்கும். அதனால்தான் கத்தக்கூடாது என்கிறோம். செத்த செல் திரும்ப முளைக்காது, மாத்திரை, சொட்டு மருந்து எதுவும் இதற்கு இல்லை. மெஷின்தான் வழி. ஆனால் மெஷின் என்பது கண்ணாடி மாதிரி மாட்டினவுடன் தெரிகிற பொருள் இல்லை. அவருடைய தாளை வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு கூட்ட வேண்டும், பெரிய சத்தத்தை எங்கே அடக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் புரோகிராம் செய்ய வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது நடந்ததாகவே தெரியவில்லை. அந்த மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள், புரோகிராம் செய்யக்கூடியதா என்று ஒருவரிடம் காட்டுங்கள்.

வரிசை இதுதான். முதலில் ஒரு இ.என்.டி. மருத்துவர் காதுக்குள் பார்க்கட்டும். அழுக்கு அடைத்திருந்தாலே 20, 30 டெசிபல் போய்விடும். பிறகு ஆஸ்பத்திரியில் மறுபடி டெஸ்ட். முடிந்தால் இரண்டு காதுக்கும் மெஷின், ஒரு காதில் மட்டும் போட்டால் கூட்டத்தில் பேச்சைப் பிரிக்க முடியாது. காதுக்கு அளவெடுத்து மோல்டு, அதாவது காதுக்குள் பொருந்தும் அச்சு, செய்ய வேண்டும். 'குடத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கு' என்றால் மோல்டில் காற்றுப் போகச் சின்ன ஓட்டை போடுவார்கள், சொல்லிக் கேளுங்கள். முதல் வாரம் வீட்டில் அமைதியான நேரத்தில் இரண்டு மணி நேரம் போதும். மின்விசிறி, செருப்பு, பேப்பர் மடிக்கிற சத்தம் எல்லாம் பல வருடம் கழித்துத் திரும்பி வரும்போது எரிச்சலாக இருக்கும். மூளை பழக ஒன்றிரண்டு மாதம் எடுக்கும். நடுவில் இரண்டு, மூன்று தடவை போய்த் திருத்திக்கொள்ள வேண்டும். நாலு நாளில் கழற்றினது அவர் பிடிவாதம் இல்லை.

ஒன்று மட்டும் எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். படிப்படியாக இல்லாமல் ஒரே நாளில் திடீரென்று காது அடைத்துப்போனால் அது வேறு விஷயம். அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதில் நாள் தள்ளத் தள்ள மீட்க முடியாது.


வடக்குமாசி, மதுரை

தங்கச்சி, எனக்கு 46 வயசு. 27 வயசுலருந்து ரெண்டு காதுலயும் மெஷின். கூட்டுறவு சங்கத்துல கிளார்க். உங்கப்பா இடத்துல உக்காந்திருக்கவ நான், அதனால அங்கருந்து சொல்றேன்.

தலையாட்டுறது பொய் இல்ல. மூணு பேர் இருக்குற இடத்துல ஒரு பேச்சைப் பிடிக்க நான் வாயைப் பார்க்கணும், முகத்தைப் பார்க்கணும், விட்டதை ஊகிக்கணும், அதுக்குள்ள அவங்க அடுத்த பேச்சுக்குப் போயிருப்பாங்க. சாயங்காலம் ஆச்சுன்னா தலை கனத்துப் போகும். அப்ப 'ம்ம்'னு சொல்றது களைப்பு. திரும்பக் கேட்டா எதிர்ல இருக்கவங்க முகம் சுருங்கும் பாருங்க, அந்தச் சுருக்கத்தைப் பாக்குறதுக்குப் பயம். உங்கப்பா போன்ல 'சந்தோசம்'னு சொன்னதை நான் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போயிட்டேன். நானும் ஒரு தடவை கருக்கலைஞ்சதைச் சொன்ன பொண்ணுகிட்ட வாழ்த்துச் சொல்லியிருக்கேன். அவ அதுக்கப்புறமும் என்கிட்டப் பேசுறா. மன்னிச்சிட்டா. ஆனா நான் போய் உக்காந்து 'எனக்கு அன்னிக்குக் கேக்கல'ன்னு சொன்ன பிறகுதான் அவளுக்கு அது தெரியும். அவரை அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மெஷினுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க.

எங்களை ரொம்பக் கொல்ற வார்த்தை ஒண்ணு இருக்கு. எல்லாரும் சிரிப்பாங்க, 'என்ன?'ன்னு கேப்போம், 'ஒண்ணுமில்ல, விடு'ன்னுவாங்க. உங்க வீட்டுல இன்னிலருந்து அந்த வார்த்தை வேண்டாம். சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லிடுங்க.

அடுக்களைல இருந்துக்கிட்டு முன்னறைல இருக்கவரைக் கூப்பிடாதீங்க. எதிர்ல வந்து, தோளைத் தொட்டு, அவர் திரும்பின பிறகு பேசுங்க. வெளிச்சம் உங்க முகத்துல படணும், முதுகுக்குப் பின்னாடி ஜன்னல் இருந்தா உங்க வாய் அவருக்கு இருட்டு. டிவியை அணைச்சிட்டுப் பேசுங்க. கத்துனா வாய் கோணும், வாயைப் படிக்க முடியாது. ஒரு வார்த்தை விளங்கலைன்னா அதையே திரும்பத் திரும்பச் சொல்லாம வேற வார்த்தைல சொல்லுங்க. முதல்ல எதைப் பத்திப் பேசுறோம்னு சொல்லிட்டா பாதிப் பாரம் குறையும்: 'ரேஷன் கார்டுப்பா', அப்புறம் விஷயம்.

டாக்டர்கிட்டப் போறப்ப ஆண்ட்ராய்டு போன்ல கூகுளோட லைவ் டிரான்ஸ்கிரைப் போட்டு மேஜைல வைங்க, தமிழ்ல பேசுறது எழுத்தா ஓடும். தப்புத்தப்பா வரும், நாலு பேர் சேர்ந்து பேசினா குழம்பும். ஆனா அறைக்குள்ள ஒருத்தர் நிதானமாப் பேசினா போதுமான அளவு வருது. மாத்திரை விவரம் மட்டும் எப்பவும் பேப்பர்ல எழுதி வாங்குங்க.


தறிக்காரர் மகள், பள்ளிபாளையம்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. படி, கடி, அடியை அம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. 'வேணும்னே கேக்காத மாதிரி இருக்காருன்னு இத்தன நாளும் வஞ்சுட்டேனே'ன்னாங்க. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னா அப்பா 'எனக்கு ஒண்ணுமில்ல'ங்கறார். துக்க வீட்டுக்குப் போறதுக்கும் வாயைத் தொறக்க மாட்டேங்கறார். அங்க போய் அவங்க ஏதாவது சொல்லி, மறுபடி ஏறுக்குமாறா பதில் சொல்லிட்டா என்னன்னு பயம் போல.


ராட்டை, குமாரபாளையம்

அம்மிணி, நானும் தறிக்காரன்தான். 52 வயசு, இன்னும் ஓட்டறேன். எடது காது முக்காவாசி போச்சு. ராத்திரி படுத்தா காதுல சில்வண்டு கத்தும்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். தறிக்குள்ள உங்கப்பா எப்படிப் பேசினாரு?

எட்டுத் தறி ஓடறப்ப காதுக்குள்ள வாய வச்சுக் கத்தினாலும் கேக்காது. அங்க எல்லாரும் செவுடுதான். இருந்தும் பன்னண்டு மணி நேரம் நாங்க பேசாமயா இருந்தோம்? கைலதான் பேசினோம். எங்க பட்டறைல சுண்டுவெரலக் கொக்கி மாதிரி மடிச்சா இழை அறுந்துருச்சுன்னு அர்த்தம். உள்ளங்கைல வெரலச் சுத்தினா தார் தீந்துபோச்சு. ரெண்டு வெரல ஒதட்டுகிட்ட வச்சா டீ. நெத்தியத் தொட்டா மொதலாளி வர்றாரு. பாவு பிணைக்கறவர் வந்துட்டாரு, ஏக்கறவர் வரல, சம்பளம் நாளைக்கு, உம்பொண்டாட்டி வாசல்ல நிக்குது, எல்லாத்துக்கும் கை இருக்கு. ஆளுக்கொரு பேரும் கைல இருக்கும். பட்டறைக்குப் பட்டறை கொஞ்சம் மாறும். உங்கப்பாவுக்கு இது 40 வருசப் பேச்சு. வீட்டுக்குள்ள வந்ததும் அதை வாசல்லயே விட்டுட்டு வந்திருப்பாரு, பொம்பளைக புள்ளைககிட்ட அப்படிப் பேசினா நல்லாருக்காதுன்னு. நீங்க போய்க் கேளுங்க, இதுக்கு என்ன கை, அதுக்கு என்ன கைன்னு. எங்க சம்சாரம் தார் சுத்தறவ, அதனால எங்க வீட்டுல எப்பவுமே பாதிப்பேச்சு கைலதான். அடுப்படிலருந்து அவ ரெண்டு வெரல் காட்டினா நான் தலையாட்டுவேன், டீ வந்துரும்.

ஆஸ்பத்திரிக்கு வர வைக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச வழி, அவர் வயசு தறிக்காரன் ஒருத்தன் கூடப் போறதுதான். மக கூப்பிட்டா சீக்குன்னு ஆகுது. சேக்காளி கூப்பிட்டா பொறப்பட்டுருவாரு. ஆத்துக்கு இக்கரைலதான் இருக்கேன், நானே வர்றேன். எனக்கும் டெஸ்ட் எடுக்கோணும்.

இன்னொண்ணு, வயித்தெரிச்சலோட சொல்றேன். இரைச்சலால காது போறது தொழிலாளர் சட்டத்துல தொழில்நோய்ப் பட்டியல்லயே இருக்கு. நஷ்டஈட்டுப் பட்டியல்லயும் இருக்கு. ஆனா வீட்டோட ஒட்டி நாலு தறி, எட்டுத் தறி போட்ட பட்டறைல வருகைப் பதிவேடும் இல்ல, ஈ.எஸ்.ஐ.யும் இல்ல. முன்பணம் வாங்கிட்டு நிக்கறவன் காதப் பத்தி எங்க வாயத் தொறப்பான்? இப்ப என் பையன் தறிக்கு வந்திருக்கான். அவனுக்கு நுரை மாதிரி அமுங்கற ஈயர் பிளக் வாங்கிக் குடுத்திருக்கேன், சில்லறைக் காசுதான். வெரல்ல உருட்டி மெல்லிசாக்கி, காத மேல இழுத்துப் பிடிச்சு உள்ள விட்டு, அது விரியற வரைக்கும் அமுக்கிப் பிடிக்கோணும். நாங்க அந்தக் காலத்துல வெறும் பஞ்சு வச்சோம். பஞ்சு ஒண்ணும் தடுக்காது.


பாளை டீச்சர், பாளையங்கோட்டை

ராட்டை ஐயா எழுதியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். காது கேளாத பிள்ளைகளோடு 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊரில் 1890களிலேயே ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார், அதனால் சைகை பேசுகிறவர்களைக் கடையிலும் பஸ்ஸிலும் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். உங்கள் அப்பா பேசியதும் அதைப் போல ஒரு பேச்சுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

யாராவது உங்களிடம் 'இந்திய சைகை மொழி படிக்க வையுங்கள்' என்று சொல்லலாம். டெல்லியில் 2015ல் தொடங்கிய தேசிய ஆராய்ச்சி மையம் 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி போட்டிருக்கிறது, பேரன் ஆசைப்பட்டால் காட்டுங்கள். ஆனால் அது தனி இலக்கணம் உள்ள முழு மொழி. 61 வயதில் புதிதாகப் படிப்பது சுமை. வீட்டுக்குத் தறிக்கை போதும்.

மகளே, ஒரு காரியம் மறந்துவிடாதே. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால் செவித்திறன் குறைந்தவர், 70ம் அதற்கு மேலும் போனால் காது கேளாதவர். நீ எழுதியதில் 500, 1000, 2000, 4000 நாலையும் கூட்டி வகுத்தால் 66 வருகிறது. அரசு மருத்துவமனையில் சான்று கேட்டுப் பார். கிடைத்தால் தேசிய அடையாள அட்டையும் எடுத்துவிடு. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கும், இலவச மெஷினுக்கு அங்கே விண்ணப்பம். 60 வயது தாண்டிய ஏழைகளுக்கு 2017ல் வந்த 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ' திட்டத்தில் கான்பூர் அலிம்கோ நிறுவனம் முகாம் போட்டுக் காது மெஷின் தருகிறது, உன் மாவட்டத்தில் எப்போது என்று அதே ஆபீஸில் விசாரி. மூன்று, நான்கு தடவை நடக்க வேண்டியிருக்கும். சளைக்காதே.


தறிக்காரர் மகள், பள்ளிபாளையம்

ரெண்டு மாசம் ஆச்சுங்க. எழுதறதுக்குக் கை வரல, இப்பத்தான் வந்துச்சு.

ராட்டை அண்ணன் எழுதினதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி அப்பா முன்னாடி போய் உக்காந்தேன். ரெண்டு வெரலை ஒதட்டுகிட்ட வச்சேன். என்னையே பாத்தார். அப்பறம் என் கையப் பிடிச்சு வெரலைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சார், எங்க பட்டறைல இப்படின்னு. அம்மா அடுக்களை வாசல்ல நின்னு சேலைத்தலப்புல கண்ணத் தொடச்சிட்டே டீ போடப் போனாங்க.

இப்ப என் பையன் தாத்தாகிட்ட முப்பது, நாப்பது கை கத்துக்கிட்டான். பள்ளிக்கூடத்துலருந்து வந்ததும் திண்ணைக்குத்தான் ஓடறான். அவனுக்கு ஒரு பேரும் வச்சிருக்கார், முன்பல் விழுந்த இடத்தத் தொட்டுக் காட்டறது.

ராட்டை அண்ணன் சொன்ன மாதிரியே பஸ் ஏறி வந்துட்டாருங்க. அப்பா அவரைப் பாத்து 'எந்தப் பட்டறை?'ன்னு கைல கேட்டார், அவர் கைல பதில் சொன்னார். மறுநாள் மூணு பேரும் அரசு ஆஸ்பத்திரி போனோம். அப்பாவுக்கு வலது காதுல அழுக்கு கல்லு மாதிரி இருந்துச்சு, எடுத்தாங்க. டெஸ்ட்ல சராசரி வலது 63, இடது 66. அண்ணனுக்கும் எடுத்தாங்க, அவர் வலது காதும் இறங்க ஆரம்பிச்சிருக்கு. சான்றுக்கு இன்னொரு பரிசோதனை சொல்லியிருக்காங்க, தேதி வாங்கியாச்சு. பழைய மெஷினை இன்னொருத்தர்கிட்டக் காட்டினதுல அது புரோகிராம் செய்யக்கூடியதுதானாமுங்க. யாரும் செய்யாமயே குடுத்திருக்காங்க. புது மோல்டு போட்டு, தாளை வச்சு சரிபண்ணித் தந்தாங்க. இப்ப காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் போடறார். ஆரஞ்சு ஸ்டிக்கர் பேட்டரி. ஸ்டிக்கரை உரிச்சு ஒரு நிமிசம் காத்துல வச்சுட்டுப் போடணும்னு சொன்னாங்க. உரிக்கறது, எண்ணறது, போடறது எல்லாம் பையன் வேலை. கூட்டத்துல இன்னும் வெளங்கறதில்ல. கல்யாண மண்டபத்துல கழட்டி சட்டைப்பைல போட்டுட்டார். போனை இன்னும் எடுக்கறதில்ல, நாங்களும் எடுக்கச் சொல்லல.

போன வாரம் ஞாயித்துக்கெழம அவரே செருப்பை மாட்டிட்டு என்னைக் கூப்பிட்டார். எங்கன்னு சொல்லல. சிநேகிதர் வீட்டுக்குத்தான். அந்தப் பையன் கதவத் தொறந்து 'வாங்க மாமா'ன்னான். அவனோட அம்மா, எனக்குப் பெரியம்மா முறை, உள்ள கட்டில்ல உக்காந்திருந்தாங்க. அவங்களும் அதே பட்டறைல தார் சுத்தினவங்க. நான் 'அன்னிக்கு போன்ல அப்பாவுக்குக் கேக்கலீங்க பெரியம்மா'ன்னு ஆரம்பிச்சேன். அவங்க என்னப் பாக்கவே இல்ல. அப்பா எதிர்ல தரைல உக்காந்து எடது தோள்ல ரெண்டு தட்டுத் தட்டினார். அது தவறிப்போன பெரியப்பாவோட கைப்பேருங்க, எப்பவும் எடது தோள்ல துண்டு போட்டிருப்பாராம். பெரியம்மாவும் எடது தோளைத் தட்டினாங்க. அப்பறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் கைல பேசினாங்க. நானும் அந்தப் பையனும் பாத்துட்டு நின்னோம், எங்க ரெண்டு பேருக்கும் பாதிக்கு மேல புரியல.

ராட்டை அண்ணனும் இன்னும் நாலு பேரும் இப்ப ஞாயித்துக்கெழம காலைல எங்க திண்ணைக்கு வர்றாங்க. அதுல ஒருத்தர் ஒரு காதுக்கு மெஷின் வாங்கி ரெண்டு வருசமா பீரோல வச்சிருக்காராமுங்க. ஒலிமானி ஐயா, ரெண்டு வருசம் சும்மா கெடந்த மெஷினை மறுபடி சரிபண்ணிப் போட முடியுமுங்களா? பேட்டரியக் கழட்டாமயே வச்சிருந்திருக்கார், உள்ள பச்சையா கறை இருக்கு.